புயல் ஓய்ந்து 11 நாட்கள் கடந்தும் அடிப்பனியை நம்பக் கூடாதா? குளிர்கால மலைப்பயணம் குறித்து ஓர் ஐயம்

கேள்வி: மெதுநடை

வணக்கம். நாங்கள் நால்வர் அடுத்த வாரம் மூன்று நாள் குளிர்கால மலைப்பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாகி வருகிறோம். இருவர் பனிச்சறுக்குப் பலகைகளிலும் மற்ற இருவர் பனிக்காலணிகளிலும் வருகிறார்கள். டிரான்ஸ்சீவர் (பனியில் புதைந்தவரை வானொலி அலையால் கண்டறியும் கருவி), துழாவுகோல் (புதைந்த இடத்தைக் குத்திப் பார்க்கும் நீண்ட கோல்), பனிவாரி (பனி தோண்டும் மண்வாரி) ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் உண்டு. அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சியையும் நால்வரும் முடித்திருக்கிறோம். ஆனால் பயிற்சியில் கற்றதையும் இப்போது மலையில் நான் காண்பதையும் எவ்வளவு முயன்றும் பொருத்திப் பார்க்க முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நிலைமை இதுதான். பருவத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 செ.மீ. பனி பெய்தது. அதன்பின் மூன்று வாரங்களுக்கு மேல் மேகமற்ற வானமும் கடுங்குளிருமாகவே கழிந்தன. அந்தப் பழைய பனியின் மேல் ஒரே புயலில் அரை மீட்டர் அளவுக்குப் புதுப்பனி விழுந்தது. கூடவே மேற்கிலிருந்து பலத்த காற்றும் அடித்தது. புயல் ஓய்ந்து இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. மேற்பரப்பு இப்போது நன்றாக இறுகியிருக்கிறது. பனிக்காலணி இல்லாமல் நடந்தால்கூடக் கணுக்கால் அளவுக்கு மேல் கால் புதைவதில்லை. நாங்கள் கடக்க எண்ணியுள்ள கிழக்குப் பார்த்த கிண்ணப் பள்ளத்தில் ஐந்தாறு பேர் சறுக்கி இறங்கிய தடங்களும் தெரிகின்றன. ஆனால் பனிச்சரிவு அறிக்கையோ, மரவரிசைக்கு (மரங்கள் வளரும் எல்லைக்கு) மேலே வடக்கும் கிழக்கும் பார்த்த சாய்வுகளில் அபாயம் 3ஆம் நிலையில் நீடிப்பதாகவும், அடியில் நெடுநாள் நிலைக்கும் வலுவற்ற அடுக்கு ஒன்று இருப்பதாகவும் நாள்தோறும் அதே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடந்த ஞாயிறன்று ஒத்திகையாக அரைநாள் சென்று வந்தோம். ஏறக்குறைய சமதளமான ஓரிடத்தில் நான்தான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். திடீரெனக் காலடியில் 'வூம்ப்' என்று ஓர் அடங்கிய ஓசை எழுந்து, ஒரு பெரிய மெத்தை மூச்சுவிட்டதுபோல் பனி முழுவதும் விரற்கடை அளவு கீழிறங்கியது. சற்றுத் தள்ளி நின்ற சிறு மரக்கன்றின் மேலிருந்த பனி உதிர்ந்தது. நாங்கள் நின்று, அங்கேயே தரைவரை தோண்டிப் பார்த்தோம். அடியிலிருந்த பனியைக் கையுறையில் அள்ளினால் சர்க்கரையை அள்ளியதுபோல் விரலிடுக்கில் ஓடியது. எவ்வளவு அழுத்தினாலும் உருண்டையாகப் பிடிக்க வரவில்லை.

என் ஐயங்கள் மூன்று. 11 நாள் நல்ல வானிலை அந்த அடுக்கு வலுப்பெறப் போதாதா? பயணத்தின்போது குழி தோண்டிச் சோதித்துவிட்டு, முடிவு சாதகமாக இருந்தால் அந்தக் கிண்ணப் பள்ளத்தைக் கடக்கலாமா? மொத்தப் பனியே ஒரு மீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது அபாயமும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

மறுமொழி: வடமுகடு

நண்பருக்கு வணக்கம். நீங்கள் ஞாயிறன்று கேட்ட ஓசைதான் இந்த உரையாடலின் மிக முக்கியமான செய்தி. உங்கள் ஒருவரின் எடையைத் தாங்க மாட்டாமல் அடியிலிருந்த அடுக்கு நொறுங்கி, அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. தள்ளியிருந்த மரக்கன்று அசைந்ததே அதற்குச் சான்று. அதே நிகழ்வு 35 பாகைச் சாய்வில் நேர்ந்திருந்தால் மேலிருந்த பனிப்பலகை, அதாவது ஒரே பலகைபோல் இறுகிய பனி, அப்படியே வழுக்கிப் புறப்பட்டிருக்கும். சமதளத்தில் அது நகர இடமில்லாததால் மட்டுமே உங்களுக்கு ஓசையாக முடிந்தது.

மூன்றாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. பனி குறைவாக இருந்தால் அபாயமும் குறைவு என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் குளிர் மிகுந்த இடங்களில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும். பனிக்கு அடியில் உள்ள தரை, குளிர்காலம் முழுவதும் 0 டிகிரிக்கு அருகிலேயே இருக்கிறது. மேற்பரப்போ, தெளிந்த இரவில் வெப்பத்தை வானத்திற்கு இழந்து கடுமையாகக் குளிர்கிறது. உங்கள் 40 செ.மீ. பனியின் மேற்பரப்பு -12 டிகிரியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 செ.மீ. உயரத்தில் 12 டிகிரி வேறுபாடு என்றால் மீட்டருக்கு 30 டிகிரி ஆகிறது. இந்த வேறுபாடு மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்களின் வடிவம் மாறத் தொடங்கிவிடும். நீராவி கீழிருந்து மேலே ஏறி, துகள்களுக்கு இடையிலிருந்த பிணைப்புகளைக் கரைத்து, கோணமான பெரிய படிகங்களாக அவற்றை மறுபடி வளர்க்கும். நீங்கள் கையுறையில் அள்ளிய சர்க்கரை அதுதான். அதே -12 டிகிரி, 2 மீட்டர் பனியின் மேல் இருந்திருந்தால் வேறுபாடு மீட்டருக்கு 6 டிகிரி மட்டுமே. அங்கே துகள்கள் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, நாளுக்கு நாள் வலுப்பெற்றிருக்கும்.

ஆக, மூன்று வாரக் குளிரும் தெளிந்த வானமும் சேர்ந்து அந்த அடித்தளத்தை உளுக்க வைத்தன. அதன் பிறகு அரை மீட்டர் பனியும் காற்றும் அதன் மேல் ஒரு கனமான, விறைப்பான பலகையை ஏற்றி வைத்தன. புதுப்பனிக்கு உள்ளேயே தோன்றும் பலவீனங்கள் ஓரிரு நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் தணிந்துவிடுவது வழக்கம். 'புயல் ஓய்ந்த பின் சில நாள் பொறுத்திரு' என்ற பொதுவான அறிவுரை அந்தப் பலவீனங்களை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது. கோணப் படிகங்களால் ஆன அடுக்கு அந்தக் கணக்குக்கு அடங்காது. அது வாரக்கணக்கில், சில பருவங்களில் மாதக்கணக்கில் கூட, ஆளின் எடைக்கு உடையக்கூடியதாகவே இருக்கும். உங்கள் மலையில் மொத்தப் பனி இன்னும் ஒரு மீட்டருக்குக் குறைவாக இருப்பதாலும், வானம் தெளிவாகவே இருப்பதாலும், அந்த அடுக்கை வளர்த்த அதே சூழல் இன்றும் நீடிக்கிறது. இந்த 11 நாட்களும் அதற்கு ஓய்வு தந்தன என்று சொல்ல முடியாது.

மேற்பரப்பு இறுகியிருப்பதை நீங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. தயவுசெய்து அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். மேலே உள்ள பலகை எவ்வளவு விறைப்போ அவ்வளவு தொலைவுக்கு விரிசல் ஓடும். இறுகிய பலகை பல இடங்களில் உங்கள் எடையைப் பரப்பி ஏந்திக்கொள்ளும். பத்துப் பேர் கடந்த பின், பதினொன்றாமவர் பாறையை ஒட்டிப் பனி மெலிந்திருக்கும் ஓரிடத்தில் கால்வைக்கும்போது அழுத்தம் அடியை எட்டி, முழுச் சாய்வும் உடையக்கூடும். ஐந்தாறு தடங்கள் நமக்குச் சொல்வது, அவர்கள் கால்வைத்த புள்ளிகளில் அன்று உடையவில்லை என்பதை மட்டுமே. 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பொழுதுபோக்குப் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கமன், மக்களை ஏமாற்றும் மனப்போக்குகளை வகைப்படுத்தியபோது, பழகிய இடம் என்ற நம்பிக்கையையும் பிறர் செல்வதைக் கண்டு துணிவதையும் அவற்றுள் சேர்த்திருக்கிறார். நம் எல்லாருக்கும் இது பொருந்தும், எனக்கும் பொருந்தும்.

3ஆம் நிலை என்பதையும் சற்று விளக்க வேண்டும். ஐந்து நிலைகளில் நடுவே இருப்பதால் அது 'நடுத்தர' அபாயம் என்று பலர் கருதிவிடுகிறார்கள். 1993 முதல் ஐரோப்பா பயன்படுத்திவரும் அந்த ஐந்து நிலை அளவுகோலில், நிலை ஏற ஏற அபாயம் சம அளவில் கூடுவதில்லை; ஒவ்வொரு படியிலும் முந்தையதைவிட மிகப் பெரிய பாய்ச்சலாகக் கூடுகிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 3ஆம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே இறக்கிறார்கள். 4, 5 ஆகிய நிலைகளில் புயலைக் கண்டு எல்லாரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்; 3ஆம் நிலையில் வெயில் அடிக்கிறது, பனி அழகாக இருக்கிறது, அபாயம் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கிறது.

கிண்ணப் பள்ளத்தைக் கைவிடுங்கள் என்பதே என் கருத்து. 30 பாகைக்குக் குறைவான சாய்வுகளை மட்டும் கொண்டு ஒரு பாதையை வகுத்தால் இந்தப் பருவத்திலும் நீங்கள் மூன்று நாளும் மகிழ்ச்சியாக நடக்கலாம்.

மறுமொழி: வெண்படிவம்

வடமுகடு அவர்கள் சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். இரண்டாவது ஐயத்திற்கு, அதாவது குழிச் சோதனைக்கு, நான் விடை தர முயல்கிறேன். குழி தோண்டுவதால் பயனில்லை என்று சிலர் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கேள்வியைச் சரியாக அமைத்துக்கொண்டால் அது மிகவும் பயனுள்ளது.

2006ஆம் ஆண்டளவில் ரான் சிமன்ஹாய்ஸ், கார்ல் பர்க்லண்ட் ஆகியோர் வகுத்த நீட்டிய தூண் சோதனையைப் பயிற்சியில் செய்திருப்பீர்கள். சாய்வின் குறுக்கே 90 செ.மீ. அகலமும், சாய்வின் போக்கில் 30 செ.மீ. ஆழமும் கொண்ட பனித்தூண் ஒன்றைச் சுற்றியுள்ள பனியிலிருந்து வெட்டிப் பிரித்து, அதன் ஒரு முனையில் பனிவாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என 30 தட்டுகள் தட்டுகிறோம். உடைவது எத்தனையாவது தட்டில் என்பதைக் காட்டிலும், உடைந்த விரிசல் அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ தூணின் மறுமுனை வரை ஓடியதா என்பதே முதன்மையான செய்தி. ஓடினால், அந்தச் சாய்வும் அதுபோன்ற மற்றச் சாய்வுகளும் உடையக்கூடியவை என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். ஓடாவிட்டால் என்ன பொருள் என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். அந்த 90 செ.மீ. துண்டு, அந்த இடத்தில், ஓடவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். காற்று குவித்த பனியின் கனம் சில எட்டுகளிலேயே இரு மடங்காகிவிடலாம். 20 மீட்டருக்கு அப்பால் பாறையருகே அதே அடுக்கு இரு கைகளால் அசைத்தாலே உடையக்கூடியதாக இருக்கலாம். மேலும், வலுவற்ற அடுக்கு ஒரு மீட்டருக்கும் ஆழத்தில் கிடந்தால் தட்டுகளின் விசை அதை ஒழுங்காகச் சென்று சேர்வதே இல்லை. ஆகவே திட்டத்தைக் குறைத்துக்கொள்வதற்குச் சோதனை முடிவைப் பயன்படுத்துங்கள். குறைத்த திட்டத்தை மீண்டும் பெரிதாக்குவதற்கு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், உங்களுடையதைப் போன்றே மெலிந்த அடிப்பனி கொண்ட ஒரு பருவத்தில், சாய்வின் அடிவாரத்தில் ஏறத்தாழ 20 பாகை இருந்த ஓரிடத்தில் குழி தோண்டிச் சோதித்தேன். விரிசல் ஓடவில்லை. அந்த முடிவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, நண்பரோடு பேசியபடியே மேலே செல்லும் தடத்தில் முப்பது நாற்பது எட்டு வைத்திருப்பேன். காலடியில் ஓசை கேட்டது. எனக்கு வலப்புறத்தில் எங்கோ மேலே, கத்தியால் கீறியதுபோல் பனியில் ஒரு கோடு விழுந்தது. நான் நின்ற இடத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நூறு மீட்டருக்குக் குறையாத தொலைவு இருக்கும். செங்குத்தான அந்தப் பகுதி முழுவதும் பலகை பலகையாக உடைந்து, எங்களுக்குப் பக்கத்திலிருந்த ஓடைப் பள்ளத்தில் இறங்கி நிரம்பியது. செங்குத்தான சாய்வில் கால்வைத்தால்தான் அது உடையும் என்று அதுவரை நம்பியிருந்தேன். இந்த வகை அடுக்கில், கீழே நிற்பவரும் பக்கத்தில் நிற்பவரும் கூட அதை உடைத்துவிட முடியும். என் சோதனையில் தவறு இல்லை. அதன் முடிவை அந்த மலை முழுவதற்கும் பொருத்தியதில்தான் தவறு இருந்தது.

உங்கள் நிலைமையில் 'வூம்ப்' ஓசை கேட்டாகிவிட்டது. எந்தக் குழிச் சோதனையைவிடவும் பெரிய பரப்பில் நிகழ்ந்த சோதனை அது. அதன் முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

மெதுநடை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சர்க்கரைப் பனிக்கும் மெலிந்த பனிக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு தெளிவாக நான் இதுவரை புரிந்துகொண்டதில்லை. நண்பர்களிடம் பேசினேன், கிண்ணப் பள்ளத்தைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

மாற்றாக ஒரு பள்ளத்தாக்குப் பாதையை வரைந்திருக்கிறோம். 20 மீட்டர் இடைவெளிச் சமவுயரக் கோடுகள் கொண்ட 1:25,000 வரைபடத்தில் அளந்ததில், எங்கள் பாதை எங்கும் 27 பாகையைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டாம் நாள், ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவுக்கு ஓர் ஓடையின் கரையில் நடக்க வேண்டும்; அந்த ஓடைக்கு மேலே வடகிழக்குப் பார்த்த மலைமுகம் 36 பாகை வரை செங்குத்தாக இருக்கிறது. இடையில் மரங்கள் உண்டு. நாங்கள் நடக்கும் இடம் தட்டையானது என்பதால் இதை ஏற்கலாமா?

மறுமொழி: பாதைவரைவு

வணக்கம். பாதையின் சாய்வை மட்டும் அளந்து, பாதைக்கு மேலே தொங்குவதை விட்டுவிடுவது மிகப் பொதுவான பிழை. நீங்கள் கேட்க நினைத்ததே நல்ல அறிகுறி. 2003 பிப்ரவரியில் கனடாவின் ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில், பள்ளத்தாக்கின் அடியில் சென்றுகொண்டிருந்த பள்ளி மாணவர் குழுவின் மீது, வெகு உயரத்திலிருந்து தானாகப் புறப்பட்ட பனிச்சரிவு ஒன்று இறங்கியது. ஏழு மாணவர்கள் இறந்தனர். அவர்கள் எந்தச் செங்குத்தான சாய்விலும் ஏறிக்கொண்டிருக்கவில்லை. அந்தத் துயரத்திற்குப் பிறகே, 2004இல், அந்நாட்டின் தேசியப் பூங்கா நிர்வாகம் அன்றைய பனி நிலையைச் சாராமல் நிலப்பரப்பை மட்டுமே கொண்டு பாதைகளை எளியது, சவாலானது, சிக்கலானது என்று வகைப்படுத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. பனி நாளுக்கு நாள் மாறுகிறது, அதை நாம் முழுவதும் அறிய முடிவதில்லை. நிலத்தின் வடிவமோ மாறுவதில்லை, அளந்தால் தெரிந்துவிடுகிறது. உங்கள் பருவத்தில் பிடித்துக்கொள்ள அது ஒன்றே உறுதியான கொம்பு.

உங்கள் 600 மீட்டரில் எனக்குக் கவலை தருவது ஓடைதான். மேலிருந்து வரும் பனி அகன்ற வெளியில் பரவினால் மெல்லியதாகத் தங்கும். குறுகிய ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் சிறிய சரிவுகூட ஆளுயரத்துக்கு மேல் குவிந்துவிடும். அங்கே நிற்பவர் ஆழமாகப் புதைவார். அதோடு, வெண்படிவம் அவர்கள் சொன்ன நிகழ்வைப் போல், ஓடைக்கரையில் நடக்கும் நீங்களே மேலே உள்ள முகத்தை உடைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. எவ்வளவு தொலைவு விலகினால் போதும் என்று மதிப்பிட எளிய வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து, பனி உடைந்து புறப்படக்கூடிய மிக உயர்ந்த புள்ளியைச் சாய்வுமானி வழியாகப் பாருங்கள். அந்தப் பார்வைக் கோணம் 25 பாகைக்கு மேல் இருந்தால் நீங்கள் எட்டுதொலைவுக்குள் இருக்கிறீர்கள் என்று நான் கொள்வேன். பெரிய சரிவுகள் 20 பாகைக்கும் குறைவான கோணம் வரை ஓடியிருப்பதால், எதிர்க்கரையில் இன்னும் தள்ளிச் செல்ல இடமிருந்தால் தயங்காமல் தள்ளியே செல்லுங்கள்.

மரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நெருக்கமான முதிர்ந்த காடு பனியை நங்கூரம்போல் பிடித்து வைக்கும். ஆனால் நாம் வசதியாகச் சறுக்கிச் செல்லும் அளவுக்கு இடைவெளி உள்ள மரங்களிடையே பனிச்சரிவும் அதே வசதியோடு வரும். அங்கே அகப்பட்டவர் மரத்தில் மோதியே படுகாயமடைவார். அந்த மலைமுகத்தை எதிர்ப்புறத்திலிருந்து நன்றாகப் பாருங்கள். மரங்களின் மேல்நோக்கிய பக்கத்தில் கிளைகள் முறிந்து, கீழ்நோக்கிய பக்கத்தில் மட்டும் கிளைகள் நின்றால், அல்லது சுற்றிலும் பெருமரங்கள் இருக்க நடுவில் ஒரு பட்டையில் மட்டும் இளங்கன்றுகளே வளர்ந்திருந்தால், அது சரிவு வழக்கமாக இறங்கும் தடம்.

உங்கள் வரைபட அளவீட்டிலும் சிறிது கவனம் தேவை. நீங்கள் சொன்ன அளவில், 30 பாகைச் சாய்வில் இரண்டு சமவுயரக் கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 1.4 மி.மீ. இருக்கும், 40 பாகையில் அது ஒரு மில்லிமீட்டரைத் தொடும். 10 மீட்டர் உயரமே உள்ள ஒரு செங்குத்தான விளிம்பு அந்தக் கோடுகளுக்கு நடுவே முழுவதும் மறைந்துவிடும். ஆளைப் புதைக்க அந்த 10 மீட்டர் போதும். ஆகவே வரைபடத்தில் 27 பாகை என்று வந்த இடங்களையும் நேரில் சாய்வுமானியால் அளந்துவிட்டே காலெடுத்து வையுங்கள். குவிந்து வளையும் விளிம்புகளில் பனிப்பலகை இழுவிசையில் இருக்கும் என்பதால் அவற்றின் தோள்மீது ஏறாமல் சுற்றிச் செல்லுங்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். புதுப்பனி பெய்யாத நாளிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் கொட்டும். வானிலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் அது குவிக்கக்கூடும். மேற்குக் காற்று என்றால் சுமை ஏறுவது உங்கள் கிழக்கு, வடகிழக்கு முகங்களில்தான். முகடுகளிலிருந்து வெண்கொடிபோல் பனி பறப்பதைக் கண்டால், அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் அன்று அந்த ஓடைக்கரைக்குச் செல்லாதீர்கள்.

மறுமொழி: தேடற்கோல்

பாதை பற்றி மூவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். மீட்புப் பணியில் சில ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மூன்று கருவிகளும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைக் கொண்டு ஒருவரை எத்தனை நிமிடத்தில் வெளியே எடுக்க முடியும் என்று அளந்து பார்த்ததுண்டா? சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை பதிவான சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், முழுவதும் புதைந்தவர்களில் முதல் 10 நிமிடத்திற்குள் மீட்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்திருப்பதைக் கண்டார்கள். அதன்பின் வாய்ப்பு செங்குத்தாகச் சரிந்து, அரைமணி நேரத்தில் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. தொழில்முறை மீட்புக் குழு எதுவும் 10 நிமிடத்தில் உங்களிடம் வந்து சேராது. உடன் வந்த மூவர்தான் மீட்புக் குழு.

அந்த 10 நிமிடத்தில் டிரான்ஸ்சீவர் தேடல் சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும். நேரத்தின் பெரும்பகுதி தோண்டுவதில் போகிறது. நின்றுபோன சரிவின் பனி, பெய்த பனிபோல் இருக்காது. நின்ற கணத்தில் காரைபோல் இறுகிவிடும். துழாவுகோல் ஆளைத் தொட்டதும் அதை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, கோலுக்கு நேர்மேலே நிற்காமல், சாய்வின் கீழ்ப்புறத்தில் புதைந்த ஆழத்தின் அளவுக்கு விலகி நின்று, கோலை நோக்கிப் பக்கவாட்டில் வெட்டிச் செல்லுங்கள். ஒருவர் முன்னே வெட்ட, மற்றவர்கள் பின்னே நின்று பனியைத் துழாவித் தள்ள வேண்டும். முன்னே நிற்பவரை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முகமும் நெஞ்சும் வெளிப்பட்டதும் மூச்சுவழியை முதலில் விடுவியுங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு முதுகுப்பையை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, நால்வரும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். முதல் முறையில் உங்களுக்கு ஆகும் நேரம் உங்களைத் திடுக்கிட வைக்கும்.

டிரான்ஸ்சீவர்கள் அனைத்தும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் வெவ்வேறு நிறுவனத்துக் கருவிகளும் ஒன்றையொன்று கேட்கும். ஆனால் கைப்பேசி அருகில் இருந்தால் தடுமாறும். நடக்கும்போது இரண்டுக்கும் இடையே 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. இடைவெளி வேண்டும். நாள்தோறும் காலையில் ஒருவர் முன்னே சென்று நின்று, மற்ற மூவரும் தனித்தனியாகத் தம்மைக் கடக்கும்போது ஒவ்வொருவரின் கருவியும் ஒலிபரப்புகிறதா என்று பார்த்த பிறகே புறப்படுங்கள்.

மெதுநடை

உங்கள் அனைவரின் மறுமொழிகளையும் அச்செடுத்து, நேற்று மாலை நால்வரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தோம். ஓடைக்கரையை விட்டுவிட்டோம். எதிர்ப்புறத்து மேடு ஒன்றின் முதுகில், காட்டுக்குள்ளாகவே செல்லும் வழி கிடைத்திருக்கிறது. 22 பாகைக்கு மேல் எங்கும் இல்லை, மேலே தொங்கும் சாய்வும் இல்லை. பயணம் இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது. முதுகுப்பையைப் புதைத்துத் தோண்டியும் பார்த்தோம்: முதல் முறை 19 நிமிடம், நான்காம் முறை 9 நிமிடம். முதல் முறை நாங்கள் நால்வரும் கோலுக்கு நேர்மேலேயே நின்று தோண்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. இந்தப் பருவத்திலேயே அந்தக் கிண்ணப் பள்ளத்துக்குச் செல்லும் காலம் வருமா? எதை வைத்து அதை அறிவது?

மறுமொழி: வெண்படிவம்

வரலாம், நாளை எண்ணி அதைச் சொல்ல முடியாது. தொடர்ந்து பனி பெய்து மொத்த உயரம் ஒன்றரை, இரண்டு மீட்டரைத் தாண்டி, அடியிலுள்ள வெப்ப வேறுபாடு குறைந்தால் அந்தச் சர்க்கரைப் படிகங்கள் மெதுவாக உருண்டு ஒட்டத் தொடங்கும். காட்டு மேட்டில் செல்லும்போது, மேலே ஏதும் தொங்காத தட்டையான இடத்தில், அதே கிழக்கு முகமாகக் குழி தோண்டி அந்தப் பனியை மறுபடி கையுறையில் அள்ளிப் பாருங்கள். உருண்டையாகப் பிடிக்க வருகிறதா, தூண் சோதனையில் விரிசல் ஓடுகிறதா, வழியில் ஓசை கேட்கிறதா ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, பனிச்சரிவு அறிக்கை வெளியிடுவோருக்கும் அனுப்பிவையுங்கள். மெலிந்த பருவத்தில் அவர்களுக்குக் களத்திலிருந்து வரும் ஒவ்வொரு குறிப்பும் தேவைப்படும். அறிக்கையிலிருந்து அந்த அடுக்கைப் பற்றிய வாசகம் நீங்கி, உங்கள் சொந்தக் குறிப்புகளும் அதோடு ஒத்துப்போகும்வரை பொறுத்திருங்கள். அப்படி நீங்கிய பின்னும், இளவேனிலில் உருகுநீர் முதன்முறையாக அடிப்பனி வரை இறங்கும் நாட்களில் அதே அடுக்கு மறுபடி பலமிழக்கும். மழை பெய்தாலோ, இரவில் பனி உறையாமல் போனாலோ அந்த நாளை விட்டுவிடுங்கள்.